பனியில் முதல் குழுப் பயணம்: லடாக்கா, ஸ்பித்தியா, முக்திநாத்தா?

“அண்ணே, மோட்டார் சைக்கிளோடு பத்துப் பேர் ரெடி. தாய்லாந்தில் பெத்தோங், மே ஹொங் சோன் எல்லாம் ஓடியாச்சு. இந்தத் தடவை பனி பார்க்கணும். எங்கே போகலாம், சொல்லுங்க” என்று பட்டர்வொர்த் தம்பி ஒருவர் போன் செய்தார். பத்துப் பேரில் நால்வருக்கு லடாக் ஆசை. இருவர் ஸ்பித்தி என்று அடித்துச் சொல்கிறார்கள். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டும் இருவர், “போறதே போறோம், முக்திநாத்தில் சாமி கும்பிட்டு வரலாமே” என்கிறார்கள். மிச்சப் பேர் லீவு கிடைத்தால் எங்கேயும் வரத் தயார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மாமாக் கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். லடாக்கும் ஸ்பித்தியும் இந்தியாவின் இமயமலைப் பக்கம், முக்திநாத் நேப்பாளத்தில். மூன்று இடத்துக்கும் போய் வந்தவன் என்ற முறையில், அவரிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

## முதலில் எதைப் பார்ப்பது

எந்தக் குழுவிலும் பேச்சு “எது உயரமான கணவாய்” என்றுதான் தொடங்கும். போட்டோவுக்கு அது சரி. உடம்புக்கு வேறு கணக்கு: இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பது.

கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் நாம் கடல்மட்டத்து ஆட்கள். கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சிக்கு வண்டியில் போனால் சுமார் 2,000 மீட்டர். தாய்லாந்தின் டோய் இந்தனோன் வரை ஓட்டியவர்களுக்கு 2,565 மீட்டர். கினபாலு ஏறியவர்கள் உச்சிக்கு முந்தைய இரவு 3,270 மீட்டர் வாக்கில் தங்கியிருப்பார்கள். அங்கே தலைவலியோடு புரண்டு படுத்தது நினைவிருக்கிறதா? லடாக்கின் லே நகரம் அதைவிட உயரத்தில், 3,500 மீட்டரில் இருக்கிறது. கர்துங் லா கணவாயோ 5,359 மீட்டர், கினபாலு உச்சியைவிட 1,260 மீட்டர் கூட. அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான்.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குமேல் ஏற்றக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஏறாமல் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும். பகலில் உயரமான கணவாயைத் தாண்டிவிட்டுக் கீழே வந்து படுத்தால் ஆபத்து குறைவு.

இரண்டாவதாக, ஒருவருக்கு முடியாமல் போனால் எவ்வளவு நேரத்தில் கீழே இறக்கலாம்? உயர நோய்க்கு மருந்து, ஆக்சிஜன் எல்லாம் இருந்தாலும், நிச்சயமான வைத்தியம் இறங்குவதுதான். இதை வரைபடத்தில் முன்கூட்டியே பார்க்கும் குழுவை நான் அதிகம் கண்டதில்லை.

மூன்றாவது, உங்கள் லீவு எந்த மாதம் என்பது. நான்காவதாக, பனிமேல் ஓட்ட ஆசையா, பனிமலையைப் பார்த்துக்கொண்டு காய்ந்த சாலையில் ஓட்ட ஆசையா என்று பத்துப் பேரும் மனம்விட்டுப் பேசிவிட வேண்டும். இரண்டும் வேறு வேறு பயணம். காகிதமும் கண்ணில் படாத செலவும் அப்புறம் வரும்.

| | லடாக் | ஸ்பித்தி | முக்திநாத் |
|---|---|---|---|
| படுக்கும் உயரம், அதிகபட்சம் | லே 3,500 மீ. சார்ச்சுவில் தங்கினால் 4,290 மீ | காசா, சுமார் 3,700 மீ | காக்பேணி 2,800 மீ |
| வண்டி ஏறும் உச்சம் | கர்துங் லா 5,359 மீ | கோமிக், சுமார் 4,580 மீ | முக்திநாத், சுமார் 3,700 மீ |
| ஏற்ற மாதம் | மே கடைசி, ஜூன் | மார்ச் கடைசி, ஏப்ரல், அக்டோபர் கடைசி | அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம், மார்ச் |
| கோலாலம்பூரிலிருந்து போய்வர நாள் | 14 | 12 | 9 |

## லடாக்

எல்லாருக்கும் தெரிந்த பாதை மணாலியிலிருந்து லே. 2020 அக்டோபரில் 9 கி.மீ நீள அடல் சுரங்கம் திறந்தபின் ரோதாங் கணவாயைச் சுற்றாமலே போய்விடலாம். மே கடைசியில் போனால் பாராலாச்சா கணவாயில் வண்டிக்கு இரண்டு பக்கமும் பனிச்சுவர் நிற்கும். கை நீட்டினால் தொடலாம். நடுவில் ஒரு லாரி அகலத்துக்குச் சாலை, அதில் உருகின தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நின்றபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அதனால் லடாக் ஆசைப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பாதையின் அமைப்பைப் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர். அடுத்த இரவு ஜிஸ்பா 3,200. அதற்கடுத்த இரவு பெரும்பாலான குழுக்கள் சார்ச்சு கூடாரத்தில், 4,290. ஒரே நாளில் படுக்கை 1,000 மீட்டருக்குமேல் ஏறிவிடுகிறது. என் முதல் பயணத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இரவு ஒன்றரை மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கிள்ளான் அண்ணன் மூச்சு விடும் சத்தத்தில் விழித்தேன். ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு சத்தம். உதடு நீலமாகியிருந்தது. ஏஜென்ட் கொடுத்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தால் காலி. கீழே இறக்கலாம் என்றால், சார்ச்சுவிலிருந்து மணாலிப் பக்கம் இறங்க 4,890 மீட்டர் பாராலாச்சாவை மறுபடி ஏறித் தாண்டியாக வேண்டும். லே பக்கம் போனால் அதைவிட மோசம்: 5,065 மீட்டர் லாச்சுலுங் லா, அப்புறம் 5,328 மீட்டர் தங்லாங் லா. நடுவில் இருக்கும் பாங் முகாமும் 4,600 மீட்டர். இறங்க வேண்டிய மனிதனை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் துணை வண்டியில் பாராலாச்சா தாண்டி கேலாங் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். 3,100 மீட்டருக்கு வந்ததுமே முகம் தெளிந்தது. அண்ணன் இப்போது நலம். அந்த நான்கு மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

அதனால் லடாக்தான் என்று முடிவெடுத்தால் ஸ்ரீநகர் வழியாக உள்ளே போய், மணாலி வழியாக வெளியே வாருங்கள். சோனாமர்க் 2,730, கார்கில் 2,680 என்று லே போகும்வரை படுக்கை 3,000 மீட்டருக்குள்ளேயே இருக்கும். வழியில் உச்சம் 4,108 மீட்டர் போத்து லா. அங்கே யாரும் தூங்குவதில்லை. சோஜி லாவில் பனிச்சுவரும் கிடைக்கும். காஷ்மீர்ப் பகுதிக்கு நம் வெளியுறவு அமைச்சு அப்போது என்ன ஆலோசனை சொல்கிறது, உங்கள் இன்சூரன்ஸ் அதை ஏற்கிறதா என்பதை மட்டும் டிக்கெட்டுக்கு முன் பார்த்துவிடுங்கள். டெல்லியிலிருந்து விமானத்தில் நேரே லே போய் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடவே வேண்டாம்.

வெளியே தெரியாத செலவு லடாக்கில்தான் அதிகம். மணாலியிலோ டெல்லி கரோல் பாக்கிலோ வாடகைக்கு எடுத்த வண்டியில் லே வரை வரலாம். அங்கிருந்து நுப்ராவுக்கும் பாங்காங் ஏரிக்கும் அதே வண்டியில் போக உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தார் விட மாட்டார்கள். லேயில் பதிவான வண்டியை எடுக்க வேண்டும். அந்த நாட்களுக்கு இரட்டை வாடகை. மற்ற மாநிலத்து முன்பணச் (ப்ரீபெய்ட்) சிம் லடாக்கில் வேலை செய்யாது. மணாலி–லே பாதையில் தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் போட்டால் லே பக்கம் அடுத்த பம்ப் 300 கி.மீக்கு மேல் தள்ளி. அந்தத் தூரத்துக்கு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியின் 15 லிட்டர் தொட்டி போதும், ஆனாலும் ஆளுக்கு ஒரு ஐந்து லிட்டர் டப்பா கட்டிக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பனி உருகும் ஓடைகளைக் காலையில் தாண்டிவிட வேண்டும். ஜிங்ஜிங்பார் பக்கம் காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், பிற்பகல் மூன்று மணிக்கு முழங்காலுக்கு வந்துவிடும். நாளெல்லாம் வெயிலில் உருகின பனி அப்போதுதான் வந்து சேருகிறது. பசியாறிவிட்டு மெதுவாகக் கிளம்பலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே உதவாது.

ஒருமுறை உயரத்தில் ஓட்டிப் பழகி, தன் உடம்பு எப்படி என்று தெரிந்தவர்கள் உள்ள குழுவுக்கு லடாக் பொருந்தும். இரண்டு வாரம் முழுசாக லீவு வேண்டும். மே, ஜூனில் அது கிடைக்கவும் வேண்டும்.

## ஸ்பித்தி

சிம்லாவில் தொடங்கி, சட்லஜ் ஆற்றோரமாகக் கின்னோர் வழியாகக் காசா வரை சுமார் 420 கி.மீ. சிம்லா 2,200, கல்பா 2,960, தாபோ 3,280, காசா 3,700 என்று படிக்கட்டுபோல ஏறும் பாதை இது. கல்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். எதிரே கின்னோர் கைலாசம் பனியோடு நிற்கும், நேரம் போவது தெரியாது. நாக்கோவில் மதியச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டுவிட்டு, இறங்கிப் போய் தாபோவில் படுங்கள். தாபோ மடம் கி.பி. 996-இல் கட்டியது. நம் தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. அந்த மண்சுவருக்குள் டார்ச் வெளிச்சத்தில் ஓவியம் பார்த்ததை எங்கள் குழுவில் இன்னும் பேசுகிறார்கள்.

லடாக்கிடம் இல்லாத ஒரு வசதி ஸ்பித்தியிடம் இருக்கிறது. மணாலிப் பக்கத்துக் குன்சும் கணவாய் நவம்பர் வாக்கில் மூடி மே, ஜூனில்தான் திறக்கும் என்றாலும், சிம்லா பாதையைக் குளிர்காலத்திலும் பெரும்பாலும் திறந்தே வைக்கிறார்கள். அதனால் பனிமேலேயே ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஸ்பித்திதான் சரியான இடம். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் முதல் தடவை போக வேண்டாம். இரவில் மைனஸ் 20-க்குக் கீழே இறங்கும். மார்ச் கடைசியில் போங்கள். சரிவெல்லாம் வெள்ளையாக இருக்கும், சாலையைத் துப்புரவு செய்திருப்பார்கள், நிழல் விழும் வளைவுகளில் மட்டும் ஐஸ் மிச்சம் இருக்கும்.

அந்த நிழல் வளைவுதான் நமக்குப் புதுசு. நாம் மழையில் ஓட்டியே வளர்ந்தவர்கள், ஈரச் சாலைக்குப் பயப்பட மாட்டோம். கறுப்பு ஐஸ் என்னும் மெல்லிய ஐஸ் படலம் பார்ப்பதற்கு ஈரச் சாலை மாதிரியே இருக்கும். நாக்கோ தாண்டி ஒரு திருப்பத்தில் எனக்கு முன்னால் போன நண்பர், பழக்க தோஷத்தில் முன் பிரேக்கை லேசாகத் தொட்டார். வண்டி விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிய சிமெண்டுத் தரையில் வாளி வழுக்கிப் போவதுபோல், வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போய் நின்றார்கள். எழுந்து நிற்கப் பார்த்தால் காலும் நிற்கவில்லை. வேகம் பதினைந்துதான், அதனால் கிளட்ச் லீவர் உடைந்ததோடு போயிற்று. அதன்பிறகு எங்கள் விதி இதுதான்: நிழல் வந்தால் இரண்டாவது கியர், பிரேக்கிலிருந்து விரல் எடு, லாரி டயர் போன தடத்திலேயே போ, முன்னால் இருப்பவர் வளைவைத் தாண்டி ஹார்ன் அடித்தபிறகு நீ நுழை. பத்துப் பேராகப் போனால் ஐந்து ஐந்தாகப் பிரித்துவிடுங்கள். நீளமான வரிசையில் கடைசியில் வருபவர், இடைவெளியைப் பிடிக்க வேகம் கூட்டுவார். விழுவதும் அவர்தான்.

செலவில் பார்த்தால், ஸ்பித்தி ரிங்கிட்டில் மலிவு, நாட்களில் மலிவு இல்லை. கின்னோரில் மலையிலிருந்து கல் உருண்டு பாதை அடைபடுவது சாதாரணம். மாற்றுப்பாதை கிடையாது. விமான டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். குளிரில் டீசல் கெட்டியாகித் துணை வண்டி காலையில் கிளம்பாது. ஒன்பது, பத்து மணிவரை காத்திருக்க வேண்டிவரும். குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும், வீட்டுத் தங்கலில் ஒரு வாளி வெந்நீர்தான். அறை நடுவில் தந்தூர் என்னும் இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துதான் இரவு கழியும். எனக்கு அது பிடித்திருந்தது. மனைவியோடு வருகிறவர்கள் இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுவது நியாயம்.

## முக்திநாத்

108 திவ்யதேசங்களில் சாளக்கிராமம் என்று நம் ஆழ்வார்கள் பாடிய தலம் இதுதான் என்பதால், நம்மவர்களுக்கு இது வெறும் ரைடாக முடிவதில்லை. கோயிலுக்குப் பின்னால் 108 நீர்த்தாரைகள். குளிர்காலத்தில் அந்தக் கல்தரையில் ஐஸ் படிந்திருக்கும். வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் வழுக்காமல் பார்த்து ஓடுங்கள்.

பாதுகாப்பில் மூன்றிலும் இது முதலிடம், அதற்குக் காரணம் உயரம். பொக்காரா 822 மீட்டர், தாத்தோபானி 1,200, மார்பா 2,670, காக்பேணி 2,800. காக்பேணியிலிருந்து காலையில் கிளம்பி முக்திநாத் போய், தரிசனம் முடித்து, பிற்பகலில் திரும்பிவிடலாம். 3,000 மீட்டருக்குமேல் ஓர் இரவுகூடத் தூங்க வேண்டியதில்லை. யாருக்காவது தலை சுற்றினால் வண்டியில் ஏற்றி, அன்றைக்கே 1,200 மீட்டருக்குக் கொண்டுவந்துவிடலாம். இடையில் ஏறவேண்டிய கணவாய் எதுவும் இல்லை.

காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்கு 200 கி.மீ லாரிக்கும் தூசிக்கும் நடுவே ஓட்டி ஒரு நாளை வீணாக்காதீர்கள். உள்ளூர் விமானத்தில் பொக்காரா போய், ஏரிக்கரையில் வண்டி எடுங்கள். அங்கிருந்து முக்திநாத் சுமார் 175 கி.மீதான், ஆனால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பேணிக்கு மேல் காளி கண்டகி ஆறு, ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தௌலகிரி என்று இரண்டு எட்டாயிரம் மீட்டர் மலைகளின் நடுவே ஓடுகிறது. முற்பகல் பதினொரு மணி வாக்கில் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும். சாதாரணக் காற்று என்று நினைக்க வேண்டாம், நின்றிருக்கும் வண்டியைத் தள்ளும், கூழாங்கல் முகத்தில் அடிக்கும். அதற்குள் ஜோம்சோம் தாண்டிவிட வேண்டும்.

குறை ஒன்று உண்டு. சாலையில் பனி கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மழைமறைவுப் பகுதி என்பதால் டிசம்பருக்குப்பின் விழுந்தால் விழும், மூன்றே நாளில் காய்ந்தும்விடும். மேலே நீலகிரி, தௌலகிரி எப்போதும் வெள்ளையாகத்தான் நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, சேறு, மண்சரிவு; போகவே வேண்டாம்.

நேப்பாள விசா விமான நிலையத்திலேயே கிடைக்கும், 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர். அன்னபூர்ணா பகுதிக்கு நுழைவுச்சீட்டு தனி. காக்பேணிக்கு வடக்கே உயர் முஸ்தாங் போக ஆசை வந்தால், அதற்குத் தனி அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். ஒரு தலைக்குச் செலவும் நிறையவே கூடும். பத்துப் பேரால் பெருக்கிப் பாருங்கள்.

## மூன்றுக்கும் பொதுவான காகிதம்

குழுவில் எத்தனை பேரிடம் பெரிய மோட்டார் சைக்கிளுக்கான ‘பி’ முழு லைசன் இருக்கிறது? காப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளில் தொடங்கியவர்கள் பலர் இன்னும் ‘பி2’ தான் வைத்திருக்கிறார்கள். அது 250 சிசி வரைதான். ஹிமாலயன் வண்டி 411 சிசி, புதுசு 452. வாடகைக் கடைக்காரர் கேட்காமல் கொடுத்துவிடுவார். விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். பி2 உள்ளவர்கள் 200 சிசி ஹீரோ எக்ஸ்பல்ஸ் வண்டி எடுங்கள். ஹிமாலயனைவிட நாற்பது கிலோ வாக்கில் இலேசு, பனியில் விழுந்தால் தனியாளாகத் தூக்கலாம். அனைத்துலக லைசனை நம் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் தாளில் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை, எத்தனை சிசி வரை.

இந்தியாவில் நம் முகத்தைப் பார்த்து உள்ளூர் ஆள் என்று செக்போஸ்டில் விட்டுவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். நாம் வெளிநாட்டார். நுப்ரா, பாங்காங் பகுதிக்கும், கின்னோரிலிருந்து ஸ்பித்திக்குள் நுழையும் பாதைக்கும் வெளிநாட்டாருக்கான அனுமதி வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் இது வேண்டும். ஸ்பித்தி அனுமதியை ரெக்காங் பியோவில் எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை: தாய்லாந்துப் பயணத்துக்கு வாங்கிய செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை இந்தியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது அங்கே குற்றம். வெளிநாட்டுப் பயணிகளைக் கைது செய்திருக்கிறார்கள்.

சொந்த வண்டியையே கொண்டுபோகலாமே என்றும் கேட்டார்கள். மியான்மார் வழி தரைப்பாதை இப்போதைக்கு இல்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பலில் சென்னைக்கு அனுப்பலாம். அதற்கு, வண்டியைத் தற்காலிகமாகச் சுங்க வரியில்லாமல் கொண்டுபோக உதவும் கார்னே பத்திரமும் பெரிய வைப்புத்தொகையும் வேண்டும், துறைமுகத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாத லீவு உள்ளவர்களுக்குத்தான் அது.

## பட்டர்வொர்த் குழுவுக்கு

உங்களுக்கு லீவு டிசம்பர் முதல் இரண்டு வாரம். அப்போது மணாலி–லே பாதை மூடியிருக்கும், லடாக் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். இரண்டு பேர் மனைவியோடு வருகிறார்கள், ஒருவருக்கு இரத்த அழுத்த மாத்திரை ஓடுகிறது, பத்தில் ஆறு பேர் பி2. முக்திநாத் போங்கள். போகுமுன் பத்துப் பேரும் டாக்டரைப் பார்த்து, உயர நோய்த் தடுப்பு மாத்திரையான டயமாக்ஸ் தேவையா, சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கையுறை நம் ஊர் வலை ஜாக்கெட்டோடு வந்தது வேண்டாம். தண்ணீர் புகாதது ஒன்று, அதற்குள் போட மெல்லிய கம்பளி ஒன்று. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒரு பெரிய சைஸ் ஜோடியும் பையில் கிடக்கட்டும். முதல் கையுறை நனைந்த அன்றைக்கு அதுதான் விரலைக் காப்பாற்றும்.

திரும்பி வந்து, யார் யாருக்கு உயரம் ஒத்துக்கொண்டது என்று தெரிந்தபின், அடுத்த மார்ச்சுக்கு ஸ்பித்தி பேசலாம். அதற்குள் அந்த ஆறு பேரும் ‘பி’ முழு லைசனுக்குப் பெயர் கொடுத்துவிடட்டும். இந்த வாரமே ஓட்டுநர் பள்ளிக்குப் போனால் நேரம் சரியாக இருக்கும்.